கொடுத்தவர் பெயர்

அனுப்பர்பாளையத்துப் பாத்திரக் கடைகளில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பாத்திரத்தில் வெட்டப்படும் பெயர் அதைக் கொடுத்தவருடையது, வாங்கிக்கொண்டவருடையது அன்று. தாய்மாமன் சீராகத் தந்த குத்துவிளக்கில் தாய்மாமன் பெயர் இருக்கும். கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் குடத்தில், அதைத் தூக்கி வந்தவரின் பெயரும் ஊரும் ஆண்டும் இருக்கும். 'அன்பளிப்பு' என்றோ 'உபயம்' என்றோ முன்னால் ஒரு சொல் சேர்க்க வேண்டியதில்லை. பெயரைக் கண்டாலே, கொடுத்தவர் இன்னார் என்பது எல்லாருக்கும் விளங்கிவிடும்.

கன்னையன் இருபத்தெட்டு ஆண்டுகளாக அங்கே பெயர் வெட்டியவர். ஒரு கடையின் வாசலில் சாக்கை விரித்து அமர்ந்து, முழங்கால்களுக்கிடையே பாத்திரத்தை இடுக்கிக்கொண்டு, சிற்றுளியும் சுத்தியுமாகப் புள்ளி புள்ளியாய் எழுத்தை எழுப்புவார். ஓர் ஒற்றெழுத்துக்குப் புள்ளி விடுபட்டாலும் கூலி வாங்க மாட்டார். அச்சில் வார்த்தது போன்ற அவருடைய எழுத்துக்காகவே திருப்பூரிலிருந்தும் சேவூரிலிருந்தும் அந்தக் கடையைத் தேடி வந்தவர்கள் உண்டு.

அப்படிப்பட்டவரின் வீட்டில், பெயர் வெட்டப்படாத செம்பு ஒன்று இருந்தது.

அவருடைய ஒரே மகன் சென்னியப்பன் பத்தொன்பது வயதில் பட்டாளத்தில் சேர்ந்தான். மூன்றாம் ஆண்டு அவனை அமைதிப்படையில் இலங்கைக்கு அனுப்பினார்கள். 1987ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் யாழ்ப்பாணத்தில் இறந்துபோனான். உடல் வரவில்லை; ஒரு தகரப் பெட்டியும் அஸ்திச் செம்பும் வந்தன. செம்பின் கழுத்தில் ஒட்டியிருந்த காகிதத்தில் அவனுடைய எண்ணும் பெயரும் ஆங்கிலத்தில் இருந்தன. பவானிக் கூடுதுறையில் அஸ்தியைக் கரைத்தபோது, செம்பையும் ஆற்றில் விட்டுவிட வேண்டும் என்று சடங்கு செய்தவர் சொன்னார். மனைவி மருதாள் விடவில்லை. மடியில் வைத்துக்கொண்டே பஸ் ஏறினாள். வீட்டில் கழுவியதும் காகிதம் ஊறி உரிந்தது. மகன் பெயரை வெட்டிவிடலாம் என்று உளியை எடுத்த கன்னையனுக்குக் கை ஓடவில்லை. இந்தச் செம்பைக் கொடுத்தவர் யார்? சர்க்காரா? அப்படியானால் இதில் யார் பெயரை வெட்டுவது? விடை தெரியாமல் அதை அலமாரியின் மேல் வைத்தார். மருதாள் வெள்ளிக்கிழமைதோறும் அதைப் புளி போட்டு விளக்கினாள்.

மகனின் கடைசிக் கடிதம் அந்தச் செம்புக்குள்ளேயே இருந்தது. அதில் ஓர் இடத்தைக் கன்னையன் மனப்பாடமாகவே சொல்வார்: "இங்கே எல்லாரும் நம்மைப் போலத் தமிழ்தான் பேசுகிறார்கள் அப்பா. வந்த புதிதில் ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டேன், மோர் கொடுத்தார்கள். இப்போது தண்ணீர் கேட்டால் தமிழிலேயே இல்லை என்கிறார்கள்."

துக்கம் கேட்க வந்தவர்கள் உள்ளே உட்கார்ந்து அழுதார்கள். தெருவில் இறங்கியதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். சொந்த இனத்தார் மீதே துப்பாக்கி தூக்கப் போனவன் என்பது அந்தத் தாழ்ந்த குரலின் பொருள். போன இடத்தை அவனா தேர்ந்தெடுத்தான் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அனுப்பியவர்களைக் கேட்கத் துணிவு இல்லாதவர்கள், அனுப்பப்பட்டவனைப் பற்றிக் கிசுகிசுத்தார்கள்.

ஆறாண்டுகள் கழிந்தன.

கன்னையனின் ஊரான செங்காட்டுப்புதூரில் கிறித்தவ ஆலயத்தின் வெளிச்சுவரில் வெள்ளைக்காரர் காலத்துப் பளிங்குப் பலகை ஒன்று பதிக்கப்பட்டிருந்தது. 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்கு இவ்வூரிலிருந்து முப்பத்தொருவர் சென்றனர், அவருள் நால்வர் உயிர்நீத்தனர் என்பதே அதன் வாசகம். அந்த நால்வர் யார், எந்தத் தாய் பெற்றவர், எந்த மண்ணில் வீழ்ந்தவர் என்று ஒரு சொல்கூட இல்லை. ஆடுமாடுகளைத்தான் எண்ணிக்கையாக எழுதுவார்கள். மனிதரைப் பெயர் சொல்லி எழுத வேண்டும் என்பது ஒரு பேரரசுக்குத் தெரியாமற்போனதில் வியப்பில்லை. அந்தப் பெயர்களைக் கேட்டு வைக்க வேண்டும் என்று எழுபது ஆண்டுகளாக ஊரில் ஒருவருக்கும் தோன்றாமற்போனதே வெட்கக்கேடு.

1993ஆம் ஆண்டில், ஆலயத்துக்கு எதிரே, முன்பு சலவைத் துணி காயப்போட்ட காட்டைச் சமன்செய்து பூங்கா அமைத்தார்கள். அதன் நடுவில், நாட்டுக்காக உயிர் ஈந்தவர்களுக்கு ஒரு நினைவுக்கல் நிறுத்துவது என்று பூங்காக் குழு தீர்மானித்தது. குழுவின் தலைவர் வேலுமணி. பனியன் கம்பெனி முதலாளி, நாற்பது வயது, கெட்டவர் அல்லர். செயலாளர் அங்கமுத்து, ஓய்வுபெற்ற எழுத்தர். எதற்கும் விதி ஒன்று வைத்திருப்பவர்.

செய்தி கேட்ட அன்றே கன்னையன் குழுவுக்குப் போனார். தம் மகன் பெயரை அந்தக் கல்லில் வெட்ட வேண்டும் என்று கேட்டார். வேறு எதையும் அவர் அந்த ஊரிடம் இதற்குமுன் கேட்டதில்லை. வேலுமணி அங்கமுத்துவைப் பார்த்தார்.

"பழைய பலகையில பேரே இல்லீங்க, எண்ணிக்கைதான்" என்றார் அங்கமுத்து. "இப்ப ஒருத்தரு பேரை மட்டும் போட்டா நல்லா இருக்குமுங்களா? அதுவும், நம்மாளுகளையே சுடப் போன எடத்துல செத்துப்போனவன். நம்ம கம்பெனிகள்ல முகாம்காரப் புள்ளைங்க வேலை செய்யறாங்க. யாழ்ப்பாணம்னு கல்லுல பாத்தா அவங்க மனசு என்ன பாடுபடும்? நீங்களே சொல்லுங்க."

கன்னையன் எழுந்து வந்துவிட்டார். ஏனென்றால் அந்தக் கடைசிக் கேள்வி அவருக்குள்ளும் இருந்தது. இலங்கையிலிருந்து ஓடிவந்து அகதி முகாமில் தங்கியிருந்த பெண்கள், காலையில் கம்பெனி வேனிலிருந்து இறங்குவதை அவர் பார்த்திருக்கிறார். அவர்களுள் ஒருத்தி கல்லைப் படித்துவிட்டுக் காறி உமிழ்ந்தால் என்ன செய்வது என்று பல நாள் எண்ணியிருக்கிறார்.

ஒரு வாரம் கழித்து அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். கல்தச்சருக்கு எழுத்துத் தெரியாது. கல்லின் மேல் எழுதிக் கொடுத்தால் அதன் மேலேயே செதுக்கிவிடுவார். ஊரில் நல்ல எழுத்து கன்னையனுடையது. மேலே 'நாட்டுக்காக உயிர் ஈந்தவர்கள் நினைவாக' என்று ஒரு வரி. அதன் கீழே, கல்லுக்குக் கொடுத்த ஒன்பது பேரின் பெயர்கள். முதற்பெயர் வேலுமணி.

அன்று மாலை மருதாள் அவருக்குச் சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "ஊரான் பேரெல்லாம் எழுதுங்க" என்றாள். "பெத்த பையன் பேரு ஒண்ணுதான் உங்க கைக்கு வராது."

அவர் தலை நிமிராமல் சாப்பிட்டார். மறுநாள் போய், ஒன்பது பெயர்களையும் கல்லின் மேல் சிவப்புச் சாந்தால் எழுதினார். மறுத்திருக்கலாம், மறுத்தால் அந்தக் கல்லின் பக்கம் போக உரிமையே இல்லாமற்போய்விடும் என்று நினைத்தார். எழுத்து வழக்கம்போலவே அழகாக வந்தது. அங்கமுத்து தூர நின்று பார்த்துவிட்டு, நன்றாயிருக்கிறது என்று தலையாட்டினார்.

ஆகஸ்டு பதினைந்து, காலை ஒன்பது மணி. கல்லைத் திறந்துவைக்கக் குன்னூரிலிருந்து ஓய்வுபெற்ற மேஜர் ஒருவர் வந்தார். குடகு நாட்டுக்காரர், தமிழ் பேசினால் புரிந்துகொள்வார், படிக்கத் தெரியாது. அவருடன் திருநெல்வேலிக்காரரான முன்னாள் ஹவில்தார் ஒருவர் மலர்வளையத்தைச் சுமந்து வந்தார். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். வேலுமணி மனைவியோடும் தாயார் நஞ்சம்மாளோடும் முன்வரிசையில் இருந்தார். கன்னையனும் மருதாளும் வேலியோரம் நின்றார்கள்.

மேஜர் திரையை விலக்கினார். கல்லை நிமிர்ந்து பார்த்தார். தலைப்புக்குக் கீழே ஒன்பது வரிகள். விறைத்து நின்று சல்யூட் வைத்தார். பிறகு, பெயர்களை உரக்கப் படிக்கும்படி ஹவில்தாருக்குச் சைகை காட்டினார். படைவீரரின் நினைவிடத்தில் இறந்தவர்களின் பெயர்களை வாய்விட்டுச் சொல்வது அவர்கள் வழக்கம்.

"அமரர் வேலுமணி" என்று ஹவில்தார் படித்தார்.

பெருங்குரல், அணிவகுப்பில் பழகிய குரல். கூட்டம் ஒன்றும் விளங்காமல் நின்றது. "அமரர் சுப்பையன். அமரர் ராஜா முகமது." கல்லில் இல்லாத 'அமரர்' என்ற சொல்லைத் தாமே சேர்த்து, ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒரு கணம் நிறுத்தினார். பெயருக்குரியவர்கள் ஒன்பது பேரும் அங்கேயே, சந்தனம் பூசிக்கொண்டு, நின்றிருந்தார்கள். அங்கமுத்து வாயைத் திறந்தார். அதற்குள் ஒன்பதாம் பெயர் முடிந்து, மேஜர் தொப்பியைக் கழற்றிவிட்டார். இரண்டு நிமிட மௌனம் தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகள் தலை குனிந்தார்கள். அந்த மௌனத்தைக் குலைக்கும் துணிவு யாருக்கும் வரவில்லை.

நஞ்சம்மாளுக்கு வந்தது. அந்தக் கிழவி மகனின் கையைப் பற்றிக்கொண்டு, "என்ற பையன் உசுரோடதானுங்க சாமி இருக்கறான்" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் கடைசி வரிசைவரை கேட்டது.

யாரும் சிரிக்கவில்லை. வேலியோரம் நின்ற கன்னையனுக்கு அப்போதுதான் உறைத்தது. 'உபயம்' என்ற சொல்லை அவர் எழுதவில்லை. எழுதச் சொல்லி யாரும் சொல்லவும் இல்லை. பெயர் இருந்தால் அது கொடுத்தவர் பெயர் என்று, பாத்திரத்தில் வெட்டுகிற பழக்கத்தில் எழுதிவிட்டார்; அதே பழக்கத்தில் பார்த்த ஊரும் அதைத் தவறென்று காணவில்லை. வெளியூர்க்காரர் ஒருவர் வந்து படித்த பிறகுதான், அது சாவுப் பட்டியலாகத் தெரிந்தது.

நஞ்சம்மாள் மகனை வீட்டுக்கு அழைத்துப்போய், சாவு வீட்டிலிருந்து வந்தவனைப் போல் தலையோடு தண்ணீர் ஊற்றினாளாம். கன்னையன் வேண்டுமென்றே செய்துவிட்டார் என்று அங்கமுத்து அன்று மாலைக்குள் ஊர் முழுதும் சொல்லிவிட்டார்.

மறுநாள் வேலுமணி அனுப்பர்பாளையத்துக்கே வந்தார். காரை எட்ட நிறுத்திவிட்டு நடந்து வந்து, கன்னையனின் சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"வேணும்னு செஞ்சீங்களா, கன்னையண்ணா?"

"இல்லீங்க மொதலாளி. பாத்திரத்துல எழுதற மாதிரி எழுதிப்போட்டனுங்க."

"அப்படித்தான் நானும் நெனச்சேன்." வேலுமணி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பெயர்களை ஒரு வாரத்துக்குள் இழைத்து அழித்துவிட ஏற்பாடு செய்திருப்பதாகச் சொன்னார். தாயார் முந்தின நாள் முழுதும் தம் கையை விடவே இல்லை என்றார். பெயரைச் சும்மா படித்ததற்கே தாய் அப்படி ஆகிவிட்டாள் என்று சொல்ல வந்தவர், எதிரே இருப்பவர் யார் என்று நினைவு வந்து பாதியில் நிறுத்தினார். பிறகு, அழித்த இடத்தில் சென்னியப்பன் பெயரை வெட்டிக்கொள்ளலாம், குழுவில் தாமே பேசிக்கொள்வதாகச் சொன்னார். ஒன்று மட்டும்: இறந்த இடத்தைப் போட வேண்டாம். அங்கமுத்து அதில் பிடிவாதமாக இருக்கிறார்.

ஆறாண்டுகளாக வேண்டியது இதோ கைக்கு எட்டிவிட்டது. சரி என்று சொன்னால் போதும். கன்னையன் கையிலிருந்த போகினிப் பாத்திரத்தை இறக்கி வைத்தார்.

"பேரை அழிச்ச பாத்திரத்துல மறுபடி பேரு வெட்டினா, அது அடகுல மூழ்குன பாத்திரமுங்க. அதை யாரும் சீருக்கு எடுத்துட்டுப் போக மாட்டாங்க. அந்த எடம் என்ற பையனுக்கு வேண்டாமுங்க."

வேலுமணி அந்தப் போகினியின் கழுத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"கல்லுக்கு இன்னொரு பக்கம் இருக்குதுங்க" என்றார் கன்னையன். "சர்ச்சுக்கு எதிரா இருக்கற பக்கம். அங்க ஒருத்தர் பேரும் இல்லை. கல்தச்சர்கிட்ட உளி வாங்கி நானே வெட்டிக்கிறேன். ஆனா எடத்தோடதான் வெட்டுவேன். எடம் இல்லாமப் பேரை மட்டும் போட்டா, காய்ச்சல் வந்து ஊட்டுல செத்தவன்னு ஆயிருமுங்க."

"அங்கமுத்து கேட்டா என்னன்னு சொல்றதுங்க?"

கன்னையன் உளியின் முனையைத் துணியில் துடைத்தார்.

"கொடுத்தவங்க பேரைத்தானுங்க வெட்டோணும். எனக்குத் தெரிஞ்ச சட்டம் அது ஒண்ணுதான். நீங்க கல்லுக்குக் குடுத்தீங்க, அதனால உங்க பேரை எழுதினேன். அவன் என்ன குடுத்தான்னு அவருக்குத் தெரியாதுங்களா?"

வேலுமணி எழுந்தார். வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். "எடத்தோடவே வெட்டிக்குங்க" என்று சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தார்.

கருங்கல் பித்தளை அன்று. கல்தச்சர் உளியைக் கூர்தீட்டிக் கொடுத்து, கை பிடிக்க வேண்டிய சாய்வையும் காட்டினார்; ஆனாலும் முதல் ஞாயிற்றுக்கிழமை முழுதும் அடித்தும் இரண்டு எழுத்துகளே தேறின. கம்பெனிகளுக்கு விடுமுறையான ஞாயிறுகளில் மட்டும் கன்னையன் பூங்காவுக்குப் போனார். முதலில் தம் மகனை வெட்டவில்லை. '1914 - 1919. பெயர் எழுதி வைக்கப்படாத நால்வர்' என்று வெட்டினார். அதை வெட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அந்த நால்வருக்கும் முன்னால் போய் வரிசையில் நிற்க அவர் மகனுக்கு உரிமை இல்லை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அதன் கீழே 'க. சென்னியப்பன்'. பதினைந்தாம் ஞாயிறு 'யாழ்ப்பாணம்' முடிந்தது. ஆண்டின் நான்கு எண்களே மிச்சம்.

அங்கமுத்து ஒருமுறை வந்து எட்ட நின்று பார்த்துவிட்டுப் போனார். மற்றபடி யாரும் வரவில்லை. திறப்பு விழா முடிந்த கல்லை இந்த நாட்டில் யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

பதினேழாம் ஞாயிறு காலை அவர் '7' என்ற கடைசி எண்ணை வெட்டிக்கொண்டிருந்தபோது, பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. முப்பது வயதிருக்கும் பெண். ஆலயத்தில் ஆராதனை முடிந்து வந்தவள் என்பதற்குக் கையிலிருந்த வேதப்புத்தகம் சான்று. தோளில் ஒரு துணிப்பை. கம்பெனி வேனிலிருந்து அவள் இறங்குவதைப் பார்த்த நினைவு அவருக்கு இருந்தது. அவள் கல்லைப் படித்துக்கொண்டிருந்தாள். மேல்வரியிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்து வந்து, மூன்றாம் வரியில் நின்றாள். நெடுநேரம் நின்றாள்.

கன்னையனின் கையிலிருந்த சுத்தி மேலெழவில்லை. ஆறாண்டுகளாக அஞ்சியது இதோ வந்து நிற்கிறது.

"உங்கட மகனோ, ஐயா?" என்று கேட்டாள்.

"ஆமாங்க."

"எத்தினை வயசு?"

"இருபத்திரண்டு."

அவள் மீண்டும் கல்லைப் பார்த்தாள். "என்ர தம்பிக்குப் பத்தொன்பது" என்றாள். "அதே வருசம், ஐப்பசி மாசம். அதே இடம்தான்."

யார் கையால் என்று அவள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை. பூங்காவுக்கு அப்பால் ஒரு வேன் போயிற்று. கன்னையனுக்குத் தாகம் எடுத்தது. கல்தூசியால்தான் என்று சொல்ல முடியாது. அவரையறியாமல் வாயில் வந்துவிட்டது:

"கொஞ்சம் தண்ணி கெடைக்குமுங்களா?"

கேட்ட பிறகே, எதைக் கேட்டோம் என்பது அவருக்கு விளங்கியது. தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் பைக்குள்ளிருந்து எவர்சில்வர் தூக்குப்பாத்திரத்தை எடுத்தாள். மூடியைத் திறந்து, இரு கைகளாலும் அவரிடம் நீட்டினாள். அவர் அண்ணாந்து, நிறுத்தாமல் குடித்தார். குடித்து முடித்ததும் பழக்கத்தால் பாத்திரத்தைத் திருப்பிக் கழுத்தைப் பார்த்தார். வழவழவென்று இருந்தது.

"இதுல பேரு இல்லீங்களே."

"முகாமில தந்தது ஐயா. எல்லாருக்கும் ஒரே மாதிரி."

கன்னையன் பாத்திரத்தைத் திருப்பித் தரவில்லை. மேல்துணியின் நுனியால் ஈரத்தைத் துடைத்தார். மடியில் எப்போதும் வைத்திருக்கும் பாத்திரம் வெட்டும் உளியை, கல்லுளி அன்று, தம்முடைய பழைய சிற்றுளியை, எடுத்தார். கல்லின் பீடத்தில் உட்கார்ந்து பாத்திரத்தை முழங்கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டார்.

"தம்பி பேரு சொல்லுங்க, கண்ணு."

அவள் வேதப்புத்தகத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். பிறகு, "ஜெயசீலன்" என்றாள்.

"எடமும் வருசமும் போடட்டுங்களா?"

"வேண்டாம் ஐயா. அது எனக்குத் தெரியும்."

கன்னையன் தலையசைத்தார். எழுத்தின் அளவைக் கண்ணாலேயே கணித்து, பாத்திரத்தின் கழுத்தில் உளியின் முனையை வைத்து, முதற்புள்ளியை இறக்கினார். அன்று மாலை வீட்டுக்குப் போனதும், அந்தச் சிற்றுளியைக் கையில் எடுத்துக்கொண்டு, அலமாரியின் மேலிருந்த செம்பை எடுத்துத் தரும்படி மருதாளிடம் கேட்டார்.